கண்ணாடிப் பெட்டியில் குட்டியம்மையின் கொக்கரை

குட்டியம்மை அம்மாளின் கொக்கரையை அவரது கடைசிப் பயணத்துக்குக் கொடுக்கப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. கேட்டவர் அவர் பெற்ற மகள். கேட்டது ஒரு பகல் பொழுதுக்கு மட்டும். பம்பாயில் மாட்டுங்கா லேபர் கேம்பில் பனிக்கட்டி வைத்து அவரைக் கிடத்தியிருந்த நேரம் முழுவதும், அந்தக் கொக்கரை செம்பூரில் குளிர்சாதன அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே ஒரு சின்ன விளக்கு எரியத் தொங்கிக்கொண்டிருந்தது. நடந்த அநியாயம் இதுதான்.

அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இறந்த பிறகு அவரைத் தெரிந்தவர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள். அவர்களும் படிக்கட்டும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டால் மலரில் வெளியிட மாட்டோம் என்று நம் ஊர்க்காரர் சங்கத்து ஆசிரியர் குழு சொல்லிவிட்டது. போடவில்லை. செம்பூருக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்த வாசல் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, என் மளிகைக் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். கீழே இரண்டு கால்கள் நின்றன. முழுக்கத் தூக்கினால் செல்வி. குட்டியம்மை அம்மாளின் ஒரே மகள்.

"அண்ணாச்சி, அம்மை போயிட்டா. மூச்சு முட்டுதுன்னு டாக்ஸில ஏத்துனோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட வரல."

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "கொக்கரைய வாங்கணும். அத வாங்கிட்டுதான் நான் அழுவேன்."

கொக்கரை என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. பாபநாசத்துக்கு மேலே மலையில் வாழும் காணிக்காரர்களின் வாத்தியம் அது. இரும்புத் தகட்டைக் குழல்போலச் சுருட்டி, விளிம்பைப் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். சங்கிலியில் ஒரு சிறு கம்பி தொங்கும். கம்பியைப் பல்லின் மேல் இழுத்தால் கரகரவென்று ஒரு சத்தம் வரும். இனிமையான சத்தம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டால் உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிடுவான். குட்டியம்மை அம்மாளின் தகப்பனார் நோயாளிகளுக்காக விடிய விடியப் பாடியவர். அவர் கையிலிருந்த கொக்கரை அது. பெண்கள் தொடக்கூடாது என்பார்களாம். "அப்பன் செத்த பெறவு நான்தான் தொட்டேன். மலை ஒண்ணும் இடிஞ்சு விழல" என்பார்.

மலையில் அணை வேலைக்கு வந்த ஒரு திருநெல்வேலிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் பம்பாய் வந்தார். தாராவியில் பழைய டிரம்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் கணவருக்கு வேலை. அவர் சீக்கிரமே இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற குட்டியம்மை அம்மாள் இட்லி வியாபாரத்தில் இறங்கினார். அரிசியும் உளுந்தும் என் கடையில்தான் வாங்குவார். அப்படித்தான் எங்களுக்குள் சண்டை தொடங்கியது.

"அண்ணாச்சி, இது உளுந்தா, கூழாங்கல்லா? ஊற வச்சா தண்ணிதான் ஊறுது, இது ஊறல."

"உனக்கு ஒருத்திக்குத்தான் ஊற மாட்டேங்குது. மத்தவங்க வாங்கலியா?"

"மத்தவங்க பயந்துக்கிட்டு வாங்குதாவ. எனக்கு என்ன பயம்? நான் புலியப் பாத்தவ."

பெயர்தான் குட்டி. ஆள் கதவை அடைத்து நிற்பார். கடன் சொன்னதில்லை, நன்றி சொன்னதுமில்லை.

அந்தக் காலத்தில் நம் சங்கத்து மாதர் பிரிவில் சேர வந்தார். "நம்ம பக்கத்து ஆளு இல்லியே" என்று திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் இருவர் இன்றும் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். குட்டியம்மை அம்மாள் வாசலில் நின்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உங்க ஆத்துல ஓடுத தண்ணி எங்க வீட்டு வாசல் வழியாத்தான் வருது. எங்களத் தாண்டி வந்த மிச்சத்தத்தான் நீங்க தாமிரவருணின்னு கும்பிடுதீய." சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் அந்தப் படியை மிதிக்கவில்லை.

இட்லிக் கூடையோடு அவர் போய் உட்கார்ந்த இடம்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசல். உள்ளே விடுதியில் மகாராஷ்டிராவின் பல மலைகளிலிருந்து வந்த ஆதிவாசிப் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். சட்டம் இடம் கொடுத்திருந்தது. சக மாணவர்கள் மேசையில் இடம் கொடுக்கவில்லை. சுமன் என்று ஒரு பெண். நந்தூர்பார் மலைப் பக்கத்துக்காரி. வந்த புதிதில் வாசலில் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"அவங்க ஏன் அழுறேன்னு கேக்கல. உன் மலை பேரு என்னன்னு கேட்டாங்க. இந்த ஊருக்கு வந்து என் ராங்க் என்ன, என் கோட்டா என்னன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. மலை பேரை யாரும் கேக்கல."

அன்று சாயங்காலம் குட்டியம்மை அம்மாள் கொக்கரையைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பப் போனார். வாட்ச்மேன் பாஸ் கேட்டான். "இட்லி திங்கும்போது பாஸ் கேட்டியா? ஹட் ரே" என்று அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். விடுதிக்குப் பின்னால் ஒரு வெறும் இடம் உண்டு. அங்கே பிள்ளைகளை உட்காரவைத்துக் கொக்கரையை இழுத்தார். ஒவ்வொருவரும் எழுந்து தன் மலையின் பெயரையும் தாயின் பெயரையும் சொல்ல வேண்டும். சொன்னதும் ஒரு இழுப்பு. வேறு சடங்கு இல்லை. வந்த இடத்தில் நான் இன்னார் என்று அறிவிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வந்ததும் அது நடந்தது. படிப்பை விட்டு ஊருக்கு ஓடுகிற பிள்ளைகள் குறைந்தார்கள். அதைப் பல்கலைக்கழகம் கவனித்தது. கவனித்ததுதான் வினை.

ஆதிவாசி சமூக மையம் என்று ஒன்று தொடங்கினார்கள். அதன் இயக்குநர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ் அம்மையார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. அவர் குட்டியம்மை அம்மாளைத் தேடி வந்து, ஆலோசனைக் குழுவில் சமூக மூத்தவராக இருக்க வேண்டும் என்று கேட்டார். சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள், வாசலில் ஆளுயரத்துக்கு அந்தப் படத்தை வைத்தார்கள். அதற்குக் கீழேயே உட்கார்ந்து இட்லி விற்றார்.

அந்தக் குழுவில்தான் அவர் ஒரு தவறு செய்தார். அவருடைய ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மலையில் பெரியவர்கள் கூடி உட்காருவார்கள். ஒருவர் ஒன்றைச் சொல்வார். மறுப்பவர் மறுப்பார். யாரும் மறுக்காமல் தலையசைத்தால் அது முடிந்துவிட்டது. மறுநாள் காலை வேலை தொடங்கும். அவருக்குத் தெரிந்த கூட்டம் அது. ஆகவே முதல் கூட்டத்தில், விடுதிக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஒரு அடுப்பு வேண்டும், அவரவர் ஊர்த் தானியத்தை அவர்களே சமைத்துக்கொள்ளட்டும் என்றார். பேராசிரியர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். "ரொம்ப அர்த்தமுள்ள யோசனை" என்றாராம் ஒருவர்.

மறுநாள் காலை குட்டியம்மை அம்மாள் மூன்று கல்லோடும் விறகோடும் போய் அடுப்பை மூட்டிவிட்டார்.

புகையைப் பார்த்து செக்யூரிட்டி ஓடிவந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். அம்மையார் அவரைத் தனியாக அழைத்தார். நான் உளுந்து மூட்டை இறக்கிக்கொடுக்கப் போயிருந்தேன். நேரில் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

"அம்மா, அது சஜஷன்தான். நாங்க நோட் பண்ணிண்டோம். ஃபயர் சேஃப்டி இருக்கு, எஸ்டேட் டிபார்ட்மென்ட் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு ப்ராசஸ் இருக்கோன்னோ?"

"அப்ப எதுக்குத் தலைய ஆட்டுனீய?"

"அது வந்து, நீங்க சொல்றதக் கேக்கறோம்னு அர்த்தம்."

"கேக்கதுக்குக் காது போதுமே அம்மா. தல எதுக்கு?"

அம்மையார் சிரித்தார். அந்தப் பதிலைப் பின்னால் ஒரு கருத்தரங்கில் மேற்கோளாகச் சொன்னார் என்றும் கேள்விப்பட்டேன். அடுப்பு வரவில்லை. மையத்தின் முகப்பில் மூன்று கல் வைத்து, நடுவில் சிவப்பு விளக்கு போட்ட ஒரு சிற்பம் வந்தது. 'நம் அடுப்பு' என்று பெயர்ப்பலகை. சுமனும் மற்றவர்களும் அதன்மேல் உட்காரக்கூடாது.

செல்வி பன்னிரண்டாவது முடித்தாள். அதே பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தாள். மகாராஷ்டிராவின் பழங்குடிப் பட்டியலில் காணி என்ற பெயர் இல்லை, வேறு மாநிலத்துச் சான்றிதழ் இங்கே செல்லாது, ஆகவே இவள் ஆதிவாசி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டம் அப்படித்தான் என்றார் அம்மையார். சட்டம் அப்படித்தான் என்று எனக்கும் தெரியும். மளிகை மடிக்கும் தாளைப் படித்துப் படித்து எழுத்துக் கற்றவன் நான். சட்டத்தையும் படித்துவிட்டேன். ஆனால் அதே வாரம் அங்கே ஆதிவாசி தினம் கொண்டாடினார்கள். தாயை மேடையில் ஏற்றினார்கள்.

"மேடையில நான் ஆதிவாசி அண்ணாச்சி. ஆபீஸ்ல என் மவ ஆதிவாசி இல்லியாம். நடுவுல ஒரு மாடிப்படி இருக்கு பாருங்க, அதுல ஏறும்போதுதான் எங்க சாதி மாறுது."

பிறகும் ஏன் போகிறாய் என்று கத்தினேன். "அங்க பிள்ளேள் இருக்குல்லா" என்றார். செல்வி இன்று செம்பூரில் ஒரு நகைக்கடையில் நின்றுகொண்டு மற்றவர்கள் கழுத்துக்கு அட்டிகை வைத்துப் பார்க்கிறாள்.

அடுத்து கொக்கரை. வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள், காட்சிக்கு வேண்டும் என்று அம்மையார் கேட்டார். கொடுத்தார். விருந்தினர்கள் போனார்கள், கொக்கரை திரும்பவில்லை. ஈரத்தில் துருப்பிடிக்கும், இங்கே பாதுகாப்பாக இருக்கும் என்று கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். புதுப் பிள்ளைகள் வரும் நாளில் மட்டும் திறந்து கொடுத்தார்கள். பிறகு ஒரு வருடம் சாவி இல்லை என்றார்கள். மறு வருடம் ஒலிப்பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். பிள்ளைகள் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று தாயின் பெயரைச் சொன்னார்கள்.

அப்போது அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. கடைக்கு வந்தால் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டுத்தான் சண்டை தொடங்குவார். ஒருநாள் கூட்டம் முடிந்து நேராக வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"பேசி முடிச்சுட்டேன் அண்ணாச்சி. நான் செத்தா அந்தக் கொக்கரைய வெளிய எடுத்து, என்னத் தூக்கதுக்கு முன்ன சுமனும் செல்வியும் இழுக்கணும். பெறவு உள்ள வச்சுக்கிடட்டும். எல்லாரும் சரின்னுட்டாவ."

"எழுதி வாங்கினியா?"

"தலைய ஆட்டுனாவ."

"குட்டியம்மா, ஒரு தடவ பட்டது போதாதா? தலையாட்டுறது அவங்களுக்குக் கழுத்து வலி போறதுக்கு."

அவர் சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடுப்பு விசயம் வேற. சாவு விசயத்துல எவனும் பொய்யா தலையாட்ட மாட்டான்." பிறகு சொன்னார்: "அது இல்லாம போக முடியாது அண்ணாச்சி. அங்க முன்னால போனவங்க இருப்பாவ. ஆளு வருது, இன்னாரு வருதான்னு சத்தம் போடணும். இல்லன்னா வாசல்லயே நிப்பாட்டிருவாவ. அங்கயும் ஒரு வாட்ச்மேன் இருப்பாம்லா, பாஸ் கேப்பான். எனக்கு இதுதான் பாஸ்."

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வியும் நானும் செம்பூருக்குப் போனோம். சுமன் வாசலில் காத்திருந்தாள். அவள் இப்போது அங்கேயே ஆராய்ச்சி மாணவி. வாசலில் ஆளுயரப் படம் சிரித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் புதியவன். செல்வியிடம் பாஸ் கேட்டான். அவள் படத்தைக் காட்டி, தன் தாய் என்று இந்தியில் சொன்னாள்: "மேரி மா ஹை." அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஞாயிற்றுக்கிழமை விசிட்டர்களுக்கு அனுமதி இல்லை என்றான்.

சுமன் தன் போனில் அம்மையாரை அழைத்து என்னிடம் கொடுத்தாள்.

"ஐயோ மாமா, கேட்டதுலேர்ந்து கையும் ஓடல காலும் ஓடல. எப்பேர்ப்பட்ட மனுஷி."

"கொக்கரை வேணும். சாயங்காலம் ஒடம்ப எடுத்துருவோம்."

"இன்னிக்கு சண்டே மாமா. சாவி பெட்டியப் பாத்துக்கற க்யூரேட்டர்கிட்ட இருக்கு, அவர் டோம்பிவிலில இருக்கார். அதோட அது இப்போ யுனிவர்சிட்டி கலெக்‌ஷன். வெளில போகணும்னா கமிட்டி அப்ரூவல் வேணும். அந்தப் பெட்டிய அசைக்கவே கூடாதுன்னு கன்சர்வேஷன்காரா சொல்லியிருக்கா."

"கூட்டத்துல சரின்னு சொன்னீங்களே அம்மா."

"மீட்டிங் மினிட்ஸ்ல அது வரல மாமா" என்றார்.

சுமன் டோம்பிவிலிக்கு நானே போய்ச் சாவி வாங்கி வருகிறேன் என்று இந்தியில் கெஞ்சினாள். எமோஷனலாகாதே, உன் ஆராய்ச்சியையும் பார்த்துக்கொள் என்று பதில் வந்தது. அதை மிரட்டலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

வெறுங்கையோடு திரும்பினோம். அவர்கள் வழக்கம் புதைப்பது. இந்த ஊரில் நமக்கு மண் கிடைக்காது, தீதான் கிடைக்கும். தூக்குகிற நேரம் வந்தது. கணவர் வேலை பார்த்த டிரம் பட்டறைக்காரர்கள் விஷயம் தெரிந்து, மரை போட்ட ஒரு இரும்புக் கம்பியையும் ஒரு ஸ்பேனரையும் கொண்டுவந்தார்கள். சுமன் கம்பியைப் பிடிக்க, செல்வி ஸ்பேனரால் அதன்மேல் இழுத்தாள். கரகரவென்று சத்தம் வந்தது. சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு அதே சத்தம்போலத்தான் கேட்டது.

செல்வி இன்னொரு தடவை இழுத்தாள். ஸ்பேனரைக் கீழே போட்டாள்.

"இது இல்ல அண்ணாச்சி" என்றாள். "இதக் கேட்டா அவங்களுக்குத் தெரியாது."

தூக்கிவிட்டோம். கடைசி வரையில் அவள் அழவில்லை. வாங்கிவிட்டுத்தான் அழுவேன் என்று சொன்னவள் இன்னும் அழவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் அஞ்சலிக் கூட்டம். என்னையும் அழைத்திருந்தார்கள், போனேன். பெரிய அரங்கு, நல்ல குளிர். மேடையில் மாலை போட்ட படம். படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டி. அசைக்கவே கூடாத பெட்டி. இரண்டு மாடி இறக்கி நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்களாம். பாடையைத் தூக்கவும் நான்கு பேர்தான்.

அம்மையார் பேசினார். பேசும்போது உண்மையாகவே அழுதார். "கேக்கதுக்குக் காது போதுமே, தல எதுக்கு?" என்ற வாசகத்தை எடுத்துச் சொன்னார். அரங்கம் சிரித்தது, பிறகு தலையாட்டியது. அதன்பின் விளக்கை அணைத்து, கொக்கரையின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். கொக்கரை பக்கத்திலேயே தொங்குகிறது, சத்தம் சுவரிலிருந்து வருகிறது. முடிந்ததும் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "பெட்டி இன்னிக்கு எப்படி அசைஞ்சுது?" என்று தமிழில் கேட்டேன், பிறகு இந்தியில் கேட்டேன். ஒரு பையன் என் தோளில் கை வைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். என் கேள்வி மினிட்ஸில் வந்திருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இயக்குநர் அம்மையார் அந்தப் பெட்டியைத் தன் கையால் திறக்க வேண்டும். க்யூரேட்டரை அனுப்பக்கூடாது. பதிவாளர், அது பல்கலைக்கழகத்தின் சொத்தல்ல என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருவரும் அதை எடுத்துக்கொண்டு லேபர் கேம்புக்கு நடந்து வர வேண்டும். செல்வி இனி செம்பூர் வாசலுக்கு வரமாட்டாள். ஒரு தடவை கேட்டுவிட்டாள், அவள் செய்ய வேண்டியது முடிந்தது. ஆலோசனைக் குழுவில் அன்று தலையாட்டிய ஒவ்வொருவரும், தான் தலையாட்டியது உண்மை என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர்கள் குழுவிலிருந்து விலக வேண்டும். வாசலில் இருக்கும் ஆளுயரப் படத்தை எஸ்டேட் டிபார்ட்மென்ட் இறக்க வேண்டும். மகளை உள்ளே விடாத வாசலில் தாய் சிரித்துக்கொண்டிருக்கக்கூடாது. சுமனும் பிள்ளைகளும் விடுதிக்குப் பின்னால் அடுப்பை மூட்ட வேண்டும், யாரையும் கேட்க வேண்டாம், அது பேசி முடித்த விஷயம். நம் சங்கம் 'மலைவாழ் சகோதரி'க்கு இரங்கல் தீர்மானம் போட்டிருக்கிறது. அதைக் கிழித்துவிட்டு, அவரை ஏன் உறுப்பினராகச் சேர்க்கவில்லை என்று அந்த இரண்டு பேரும் பெயர் போட்டு எழுத வேண்டும். நான், என் கால் நடக்கும்வரை, அந்த வாசலுக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

குட்டியம்மை அம்மாளே, போய்வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இன்னும் உள்ளே போகவில்லை. சத்தம் வரும்வரை அந்த வாசலில் நில்லுங்கள். நின்று பழகியவர்தான் நீங்கள்.